பொறுங்கக்கா அவசரப்பட்ட நாள்

செருப்புக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அதை நடத்துகிறவளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கத்தான் செய்தார்கள். தெருவில் அது ஒருவருக்கும் தெரியாது. யார் வந்து, "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று நின்றாலும் "பொறுங்க" என்பாள். அதனால் பொறுங்கக்கா.

காரணம் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது பெரிய வித்தையே இல்லை. ஆனால் அதோடு மாட்டியிருக்கும் பிரிண்டரும் கேமராவும் அதன் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். அழிக்கும்போது அதுவும் போய்விடும். அதனால் டிரைவர்களை முதலில் பென்டிரைவில் எடுப்பாள். அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பார்ப்பாள். அங்கேயும் ஒரு காப்பி போட்டுக்கொள்வாள். பிறகுதான் அழிப்பு.

அந்தக் காப்பிகளுக்கு அவள் யார் பெயரையும் வைப்பதில்லை. பெயர் அவள் மனதில் நிற்காது, ஆள்தான் நிற்பார். பல் டாக்டருடைய ஃபோல்டர் 'சிரிக்காதவர்'. மருந்துக்கடைக்காரருடையது 'தும்மல்'. இந்தக் குறும்பைப் பற்றி அவள் கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அன்று காலை புருஷனுடைய அக்கா கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிர் மாடியில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறாள். கடைக்கு இன்னும் பெயர்ப்பலகை இல்லை. யார் என்ன பெயர் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவாள்.

"ஏம்மா, இது படுத்துக்கிச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஜெர்சி குடுக்கணும், ஒவ்வொண்ணுலயும் பேரு தைக்கணும். என் முதல் பெரிய ஆர்டர். சொதப்புனா இனிமே ஒருத்தரும் என் படி ஏற மாட்டாங்க."

"பொறுங்க அண்ணி, பாக்கறேன்."

பார்த்தாள். விண்டோஸையே மாற்ற வேண்டியிருந்தது. மற்ற டிரைவர்களுக்குப் புதியவை இணையத்தில் கிடைக்கும். எம்பிராய்டரி மெஷினுடையது கிடைக்காது. அதைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. அந்த ஒரு டிரைவர் போனால் மெஷின் வெறும் இரும்பு.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "ஆச்சா?" என்றாள். காலாட்டினாள். "ஆச்சா?" என்றாள். அவளை ஒன்றும் சொல்ல முடியாது, வயிற்றுப்பிழைப்பு. பொறுங்கக்கா டிரைவர்களையெல்லாம் காப்பி எடுத்தாள். ஆனால் அவை போய் உட்கார்ந்தது, அழிக்கப்போகிற அதே டிஸ்கில். அங்கிருந்து பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்னொரு "ஆச்சா?" வந்தது. "ஆச்சு அண்ணி!" என்று வாய் சொல்லிவிட்டது. கையும் அதை நம்பிவிட்டது.

விண்டோஸ் புத்தம் புதிதாக ஏறி முடிந்ததும் பென்டிரைவைத் திறந்தாள். காலி.

ஊருக்கெல்லாம் பொறுங்க பொறுங்க என்று சொல்லிவிட்டு, சொந்த நாத்தனார் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பென்டிரைவை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

"பொறுங்க அண்ணி" என்றாள். அப்போதுதான் பொறி தட்டியது. மெஷின் வாங்கிய புதிதில் இதே பெட்டி ஒருமுறை வந்ததே! அப்போது போட்ட காப்பி தன் கம்ப்யூட்டரில் இருக்குமே! துள்ளிக்கொண்டு தேடப் போனவள் அப்படியே நின்றாள். அந்த ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிட்டது.

"அண்ணி, புழுக்கமா இருக்கு. அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்களேன்."

அண்ணி எழுந்து திரும்பிய நேரத்தில் திரையைச் சாய்த்து, ஃபோல்டரைத் திறந்து, டிரைவரைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மூடிவிட்டாள். இந்தத் தடவை பென்டிரைவைப் பிடுங்கிச் செருகி, ஒழுங்காகத் திறந்தும் பார்த்தாள். இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அண்ணி ஃபேன் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு சாதுவாக நின்றாள்.

இருவரும் பெட்டியோடு மாடி ஏறினார்கள். டிரைவர் ஏறியது. மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஜெர்சில தைக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்டுத் துணியில ஓட்டிப் பாப்போம்" என்று அண்ணி தானே எதையோ டைப் செய்தாள்.

ஊசி இறங்கியது. சிவப்பு நூலில் 'அ' வந்தது. அடுத்து 'வ'. 'ச' வந்ததும் பொறுங்கக்காவுக்குக் காது சுட்டது. 'ர' வந்தபோது வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். மெஷின் ஓர் எழுத்தையும் விடாமல் நிதானமாகத் தைத்து முடித்தது: அவசரக்குடுக்கை.

"அண்ணி... அது வந்து..."

"ஃபேன் சுவிட்சுக்கு மேல கண்ணாடி மாட்டி வச்சிருக்கியே, அதுல உன் திரை அப்படியே தெரியுதும்மா." அண்ணியின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "பொறு, இன்னும் முடியல."

ஊசி அடுத்த வரிக்குப் போய் 'தையலகம்' என்று தைத்தது.

அண்ணி துணியை உருவி வாசல் கதவில் வைத்துப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கவில்லை.

"அவசரம்னு வர்றவங்க எல்லாம் இனிமே எங்கிட்டதானே வரணும்!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சரி சரி, முதல் ஜெர்சிய எடு. ஆச்சா?"