சிங்குக்குள் ஒரு போர்க்களம்

பள்ளிக்கூடத்துக்காக என் மகள் மூன்று நாளாக ஒரு போர்க்களத்தை வரைந்துகொண்டிருந்தாள். ஹத்தீன் என்ற இடம். எண்ணூறு வருடங்களுக்கு முன்பு சிலுவைப் படையும் சுல்தானின் படையும் அங்கே மோதினவாம். சிலுவைக்காரர் நல்ல ஊற்றுகளை விட்டுவிட்டு வெயிலுக்குள் நடந்திருக்கிறார்கள். சுல்தானின் ஆட்கள் சுற்றி வளைத்து, காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். தூரத்தில் ஏரி தெரிகிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. அவள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது நான் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். அவளுடைய வயதில் நானும் அப்படி ஒரு வளையத்துக்குள் கிடந்தவள். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், கடல் கடந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட் வீட்டில் தனியே சமைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. யன்னலால் எட்டிப் பார்த்தால் பொலிஸ், இரண்டு பேர்.

மேசையில் படம் விரித்தபடி கிடந்தது. மலை, ஏரி, எந்தப் படை எந்தப் பக்கத்தால் வளைத்தது என்று காட்டும் சிவப்பு அம்புக்குறிகள். ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி சோதனைக்கு வரும்போது இப்படி ஒரு கடதாசி அகப்பட்டால் வீட்டில் ஒரு ஆள் குறையும். என் அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் புவியியல் கொப்பியில் கீறி வைத்திருந்த ஒரு படத்துக்காக.

எனக்கு மூளை வேலை செய்யவில்லை, கைதான் செய்தது. ஊரென்றால் அடுப்பில் போட்டிருப்பேன். இங்கே புகை எழும்பினால் அலாரம் கத்தும். அந்த அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது, பெரிய கெட்டிக்காரி! படத்தைக் கிழித்து சிங்குக்குள் போட்டு, பைப்பைத் திறந்து, கூழாகும்வரை பிசைந்தேன். பிறகு ஈரக் கையோடு கதவைத் திறந்தேன்.

முன்வீட்டுக் கார் களவு போய்விட்டதாம். ஏதாவது கண்டீர்களா என்று கேட்டார்கள். "நோ சேர், நோ சேர்" என்றேன். அவர்கள் சிரித்து, நன்றி சொல்லிப் போனபிறகு கதவை இரண்டு தரம் பூட்டினேன்.

மகள் வந்து சிங்கைப் பார்த்தாள்.

"அம்மா! வாட் டிட் யூ டூ? நாளைக்குக் குடுக்க வேணும்!"

"பொலிஸ் வந்தது பிள்ளை."

"சோ வாட்? உது எண்ணூறு வருசத்துக்கு முந்தின சண்டை அம்மா!"

வெட்கத்தில் அழுதுவிட்டேன். மாமா காய்ச்சலில் செத்தார் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அன்று உண்மையைச் சொன்னேன், கொப்பியிலிருந்து ஆமி வண்டிவரை. அவள் புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். ஏரிக்கு நீலம் பூசும் வேலையை எனக்குத் தந்தாள்.

அம்புக்குறிகள் போட்டு முடிகிற நேரம் மறுபடி மணி அடித்தது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். படத்தைச் சோபா மெத்தைக்குக் கீழே தள்ளி, அதன்மேல் ஏறி இருந்தாள்.

"இப்ப திறவுங்கோ அம்மா" என்றாள், மெதுவாக.

வாசலில் ஒரு பார்சல். அதை வைத்தவன் ஏற்கெனவே டெலிவரி வண்டியில் ஏறிவிட்டான். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் எழும்பவில்லை.