மிதவைகள் வளைந்த இடம்

என் தாயின் தமக்கையான எங்கள் பெரியம்மா, பவளத்திட்டுகள் சூழ்ந்த ஒரு சிறிய குடாவில், நீந்தத் தெரியாதவர்களைக் கடலில் மிதக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தார். ஊரார் அவரை மிதவையக்கா என்று அழைத்தனர். குடும்பத்தில் பிறந்தவர், மணந்தவர், மறைந்தவர் பற்றிய விவரங்களை நான் தொகுத்துவருவதை அறிந்தபோது, "என்னைப் பத்தி எழுதினா அந்த வளைவைப் பத்தி எழுது. மத்ததெல்லாம் எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். அவ்வாறே எழுதுகிறேன். ஆனால் அவருடைய வேலையைச் சொல்லாமல் வளைவைச் சொன்னால் அது விளங்காது.

விடுமுறைக்குத் தீவுக்கு வருபவர்கள் முதலில் மலையுச்சிக்கு ஏறிச் சூரியோதயம் பார்ப்பார்கள். பிறகு காட்டுவழியே நடந்து அருவியில் குளிப்பார்கள். அலையாத்திக் காட்டினுள் துடுப்புப் படகு வலித்து, உள்ளங்கை கொப்பளிக்கத் திரும்புவார்கள். போவதற்கு வேறு இடமே இல்லை என்ற நிலை வந்த பிறகுதான், தண்ணீரைக் கண்டாலே பின்வாங்கும் ஆசாமிகள் பெரியம்மாவிடம் வந்து சேர்வார்கள். அவர் அவர்களை இடுப்பளவு நீரில் நிறுத்தி, முகத்தில் நீச்சல் கண்ணாடியை மாட்டி, மூச்சுவிடும் குழாயை வாயில் கொடுத்து, குப்புறப் படுக்கச் சொல்வார். வயிற்றுக்கடியில் அவருடைய உள்ளங்கை இருக்கும். காதருகே குனிந்து, "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்துவிடுவார். அவர் அறிந்த ஒரே வித்தை அதுதான்.

"எப்பக்கா கையை எடுத்தீங்க?" என்று கரையேறியபின் கேட்பார்கள்.

"நீங்க அந்த நீல மீனைப் பாத்துக் காலை உதறினீங்களே, அதுக்கும் முன்னாடியே."

"பிடிச்சிருக்கேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். பிடிச்சிருக்கேன்னுதான் சொன்னேன், வயித்தைன்னு சொன்னேனா? உங்க மேல ஒரு கண்ணைப் பிடிச்சு வெச்சிருந்தேன்."

மிதக்கத் தொடங்கியவரை அவர் கைப்பிடித்து அழைத்துப்போவது, ஆழமில்லாத கரையிலிருந்து பவளத் தோட்டம் வரையில் செல்லும் ஒரு மணல் தடம் வழியாக. இருபுறமும் பவளம், காலோ வயிறோ பட்டால் பவளம் ஒடியும், தோலும் கிழியும். கழுத்தளவு நீரில் நடந்தபடியே, உள்ளங்காலால் மணலைத் தடவி அவர் அத்தடத்தைக் கண்டுபிடிப்பார். பாதிவழியில் அத்தடம் நேராகப் போவதை விட்டுவிட்டு, இடப்பக்கமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி மீண்டும் நேராகும்.

அச்சுற்றுக்குக் காரணம் எங்கள் மாமா, பெரியம்மாவின் ஒரே தம்பி. தாய் இறந்து, தந்தை சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனபின், தங்கையையும் தம்பியையும் வளர்த்தவர் பெரியம்மா. மாமா சிறுவனாக இருந்தபோது, தடத்தின் நடுவே ஒரு பாறை இருந்தது. அதன் பொந்தில் தடித்த விலாங்கு ஒன்று குடியிருந்தது. விளையாட்டாகப் பொந்துக்குள் கைவிடப்போன தம்பியை இவர் இழுத்துத் தள்ள, விலாங்கு இவருடைய மணிக்கட்டைக் கவ்வியது. தழும்பு இன்றும் இருக்கிறது. அதன்பின் தம்பி அப்பக்கம் போகவே அழுதான். அவனுக்காக இவர் சுற்றிப் போகத் தொடங்கினார். பின்னர் ஒரு புயலில் பாறை உடைந்து உருண்டு போயிற்று, விலாங்கும் போயிற்று, அங்கே வெறும் மணல்தான் மிஞ்சியது. ஆனாலும் பெரியம்மாவின் கால் பழக்கம் மாறவில்லை. ஏன் சுற்றிப் போகிறோம் என்று விருந்தினர் யாரேனும் கேட்டால், "அங்க எங்க சம்பந்தி வீடு. பேச்சுவார்த்தை இல்லை" என்பார். உண்மையான காரணம் அவருக்கும் தம்பிக்கும் என் தாய்க்கும் மட்டுமே தெரியும். என் தாய் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை.

பெரியம்மா திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஆளாகட்டும் என்றுதான் வந்த வரன்களைத் தட்டிக்கழித்தார் என்பது என் தாயின் கூற்று. "வந்தவன் எவனுக்கும் நீந்தத் தெரியல" என்பது பெரியம்மாவின் கூற்று. இரண்டையும் பதிந்துவைக்கிறேன்.

தம்பி ஆளானார், படகோட்டியானார். துறையிலிருந்து விருந்தினர்களை அவர் படகில் ஏற்றிவந்து குடாவில் இறக்குவார். பெரியம்மா அவர்களைத் தண்ணீரில் வாங்கிக்கொள்வார். பல ஆண்டுகள் இப்படியே போயிற்று. பிறகு குடாவின் பின்னாலிருந்த தென்னந்தோப்பை ஒரு ரிசார்ட் நிறுவனத்தார் வாங்கினார்கள். இனிக் குடாவும் அவர்கள் பொறுப்பில்தான் வரும், வெளியாட்கள் யாரும் அங்கே தொழில் செய்ய முடியாது என்று பேச்சு அடிபட்டது. பெரியம்மாவுக்கு வேறு கடல் இல்லை. திட்டு சூழ்ந்து அலை அடங்கிக் கிடந்தது அந்த ஒரு துண்டுதான். பயந்தவர்களை வேறெங்கும் படுக்கவைக்க முடியாது. துறைமுக அலுவலகத்தில் இது பற்றிக் கூட்டம் கூட்டியபோது, தானே போவதாக அவர் சேலையைக் கூட மாற்றிக்கொண்டார். மாமாதான் தடுத்தார்.

"உனக்குக் கூட்டம் ஆகாதுக்கா. நாலு பேர் கோட்டு போட்டு உக்காந்திருந்தா நீ அவங்களையும் குப்புறப் படுன்னுவே. நான் பேசிட்டு வரேன்."

"விட்டுக்குடுத்துடாதடா."

"நான் இருக்கேன்ல!"

போய் வந்தவர், "பேசியாச்சு. உன் இடம் உனக்கு. ஒண்ணும் மாறாது" என்றார். பெரியம்மா மறுகேள்வி கேட்கவில்லை.

பிறகு மழைக்காலம்; கடலில் யாரும் இறங்க முடியாது, தொழில் நின்றது. பெரியம்மாவின் வீடு ஒற்றை அறையும் அதை ஒட்டிய சமையற்கட்டும்தான். அறையின் குறுக்கே கட்டிய கொடியில் துணி குறைவாகவும் கண்ணாடிகள் மிகுதியாகவும் தொங்கும். மழை பெய்துகொண்டே இருக்க, அவர் ரப்பர் வாடை நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாடியையும் பற்பசை தடவித் தேய்த்துக் கழுவினார். பற்பசை தடவினால் ஆவி படியாது. இற்றுப்போன வார்களை மாற்றினார். அந்தக் காலம் முழுவதும் மாமா எட்டிப் பார்க்கவில்லை. படகுக்கு எஞ்சின் வேலை என்று சொல்லியனுப்பினார்.

மழை ஓய்ந்ததும் வந்த முதல் விருந்தினர், ஒரு கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். மாமாவின் படகு கிடைக்காததால், பெரியம்மா அவர்களைத் தோப்பின் ஓரமாக நடத்திக் கூட்டிவந்தார். குடாவில் புதிதாக ஒரு மிதக்கும் மேடை நின்றது. கரையிலிருந்து பவளத் தோட்டம் வரை, கயிற்றில் கோத்த ஆரஞ்சு நிற மிதவைகள் நீண்டிருந்தன. ஒருகணம் அவருக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்ததாம். வழி தவறிப் பவளத்தை மிதிப்பவர்களுக்கு நல்லதுதானே என்று. வாத்தியாரைப் படுக்கவைத்து, கைப்பிடித்து, மிதவைகளின் ஓரமாகவே அழைத்துப்போனார். பாதிவழியில் வாத்தியார் சட்டென்று காலூன்றி எழுந்து, குழாயைத் துப்பினார்.

"ஏம்மா, நேரா போனா கிட்டதானே? கயிறு ஏன் இங்க இவ்வளவு தூரம் சுத்திப் போகுது? கீழே வெறும் மணல்தான் இருக்கு, நான் நல்லாப் பாத்தேன்."

பெரியம்மா சம்பந்தி வீட்டுப் பதிலை விட்டுவிட்டு, மிதவைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்தார். மிதவைகள் அவர் கால் போகும் சுற்றையே அச்சாகச் சுற்றியிருந்தன. தொடங்கும் இடமும் முடியும் இடமும் பிசகவில்லை. விலாங்கு இல்லை, பாறை இல்லை. அழுத சிறுவனின் பயம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.

அப்போது மேடையிலிருந்து ஒரு காவலாளி கையை ஆட்டிக் கத்தினான். "யாரைக் கேட்டும்மா உள்ளே வந்தீங்க? கயிறு ரிசார்ட்டோடது!"

"கயிறு உங்களுது. தண்ணி?"

"தண்ணியும்தான். இனிமே எங்க ஆளுங்க மட்டும்தான் கூட்டிட்டு வரணும். அதோ நிக்கறாரே, அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

மேடையின் மறுபக்கம் மாமாவின் படகு கட்டியிருந்தது. மாமா மிதவைகளின் அதே நிறத்தில் ஒரு சட்டை அணிந்திருந்தார். தமக்கையைப் பார்த்ததும் எஞ்சினின் மேல் குனிந்துகொண்டார். எஞ்சின் ஓடவில்லை, குனிவதற்கு அதில் வேலையும் இல்லை. வாத்தியார் தம்பதியைக் கரைசேர்த்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுப் பெரியம்மா வீடு திரும்பினார்.

அன்று மாலை மாமாவை வீட்டுக்கு அழைத்துவந்தவர் என் தாய். நானும் உடனிருந்தேன், ஆகவே இனி வருவது நான் நேரில் கேட்டது. மாமா கொடிக்கு அடியில் உட்கார்ந்தார். கண்ணாடிகள் அவர் தலையில் இடித்தன.

"உன்னை யாரும் வேணாம்னு சொல்லலக்கா. மேடையில துண்டு எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும்னாங்க. உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன். நிழல்ல உக்காந்திருக்கலாம்."

"கூட்டத்துல என்னடா பேசினே?"

"நான் என்ன பேசறது? அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"விடுக்கா, தம்பிதானே" என்றார் என் தாய். "அவனும் பிள்ளைகுட்டிக்காரன்."

"வழியை நீதான் காட்டினியா?"

மாமா தலையைத் தடவிக்கொண்டார். "நான் காட்டலேன்னா வேற எவனாவது காட்டியிருப்பான்க்கா."

"வேற எவனாவது காட்டியிருந்தா நேரா போயிருக்கும்டா."

மாமாவுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவர் பார்வை பெரியம்மாவின் மணிக்கட்டுக்குப் போயிற்று. பெரியம்மா தழும்பை மறைக்கவுமில்லை, காட்டவுமில்லை. எழுந்து, கொடியில் தொங்கிய கண்ணாடிகளுள் மாமாவுடையதைக் கழற்றினார். மழைக்காலத்தில் அதற்கும் புது வார் போட்டுவைத்திருந்தார். அதை மாமாவின் மடியில் வைத்துவிட்டு, "இருட்டறதுக்குள்ள கிளம்பு" என்றார். அதற்குப் பின் இருவரும் பேசிக்கொண்டதாக எனக்குத் தகவல் இல்லை.

துண்டு கொடுக்கும் வேலைக்குப் பெரியம்மா போகவில்லை. இப்போது அவர் தொழில் செய்வது மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னாலுள்ள பாறைச் சந்தில். அங்கே பவளம் இல்லை. அலை வந்து முதுகில் அடிக்கும். மீன் செதில் மிதக்கும். ஆமையைக் காட்டுங்கள் என்று கேட்பவர்களிடம், "அது உங்களைப் பாக்க வந்தாத்தான் உண்டு" என்கிறார். விருந்தினர்கள் குறைந்துவிட்டார்கள். குடாவில் மிதவைகள் இன்னும் அதே சுற்றைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏன் வளைகிறது என்று கேட்பவர்களுக்கு மாமா என்ன பதில் சொல்கிறார் என்று விசாரித்தேன். "கயிறு அப்படித்தான் கட்டியிருக்கு" என்கிறாராம்.

பெரியம்மாவின் வேலை முறையில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அண்மையில் அவரைப் பார்க்கப் போனபோது, ஓர் இளம்பெண்ணை நீரில் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் கைகொடுத்திருந்தார். "பிடிச்சிருக்கேன்" என்று ஒருமுறைதான் சொன்னார். பிறகு, "இப்ப கையை எடுக்கப்போறேன். சொல்லிட்டேன். எடுக்கறேன்" என்றார். அந்தப் பெண் உடனே உதறி, மூழ்கி, உப்புநீர் குடித்து, இருமிக்கொண்டு எழுந்தாள். அன்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் அதே கதிதான். பழைய மாதிரியே சொல்லாமல் எடுத்துவிடக் கூடாதா, அதில் ஒருவரும் மூழ்கியதில்லையே என்று கரையில் நின்று கேட்டேன்.

அவர் அந்தப் பெண்ணின் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சாலும் தெரிஞ்சு குடிக்கட்டும்" என்றார்.