லூசிலின் மட்டையைத் தேடி டெக்சாஸ் போனோம்

2001 மார்ச் கடைசியில் நானும் என் கணவர் கதிரும் பழைய சாஃப்ட்பால் மட்டை தேடி டெக்சாஸ் போய் வந்தோம். அந்தப் பக்கம் மட்டை தேடிப் போகப் போகிறோம், என்ன பார்த்து வாங்குவது, எங்கே போவது என்று இப்போதும் சிலர் கேட்கிறீர்கள். அதனால் நினைவிருப்பதை எழுதி வைக்கிறேன். முன்பே சொல்லிவிடுகிறேன், இது அலுத்துப்போன ஒரு பயணத்தின் கதை.

நான் கரூரில் கல்லூரி அணிக்கு சாஃப்ட்பால் ஆடியவள். ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பேஸ்பாலுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து பெரிசு, மட்டை மெலிசு, பந்தைக் கையைக் கீழாகச் சுழற்றி வீசுவார்கள். கல்யாணமாகி 1997இல் கலிஃபோர்னியாவில் சன்னிவேல் வந்தேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. சான் ஹோசேயில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு டாலருக்கு ஒரு மர மட்டை வாங்கினேன். அதில் ஆரம்பித்ததுதான். மூன்று வருஷத்தில், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் மட்டையைப் படமெடுத்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பி, “இது எவ்வளவு பெறும்?” என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒருவரும் காசு கொடுத்ததில்லை. என்னிடம் ஒன்றைக் கேட்க ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருஷம் கதிரின் ஆபீசில் வெள்ளிக்கிழமை தோறும் யாராவது வேலை போய் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். “போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துருவோம் சுமதி. அடுத்த மாசம் எந்த ஊர்ல இருப்போமோ” என்றார். அந்தச் சமயத்தில் டெக்சாஸிலிருந்து ஒரு பெண், பெயர் டெபி, இணைய ஏலத் தளம் ஒன்றில் ஒரு மட்டையைப் போட்டிருந்தாள். நாற்பதுகளில் ஃபோர்ட் வொர்த் பக்கம் இருந்த விமானத் தொழிற்சாலைப் பெண்கள் அணிக்கென்றே கடைந்தது. அணியின் பெயரை மரத்தில் சூடு போட்டுப் பொறித்திருந்தது. அப்படி ஒன்றை நான் அதுவரை படத்தில்கூடப் பார்த்ததில்லை. அது டெபியின் அம்மா லூசிலின் மட்டை. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மட்டை அப்பா ராயிடம் இருப்பதாகச் சொல்லி அவர் நம்பரைக் கொடுத்தாள். அவரிடம் பேசி, நேரில் பார்க்க வருகிறோம் என்றேன்.

வெள்ளிக்கிழமை சான் ஹோசேயிலிருந்து டாலஸுக்கு விமானம், மூன்றரை மணி நேரம். வாடகைக் கார் நாளுக்கு 34 டாலர். சனிக்கிழமை காலை முதலில் போனது டாலஸுக்குக் கிழக்கே அறுபது மைலில், மாதம் ஒருமுறை கூடும் பெரிய சந்தைக்கு. விடியும்போதே மழை. வண்டி நிறுத்த மூன்று டாலர் வாங்கிக்கொண்டு ஒரு சேற்று வயலைக் காட்டினார்கள். மதியம்வரை நடந்தோம். அலுமினிய மட்டைகள் கிடைத்தன, எல்லாம் எண்பதுகளில் வந்தவை. மரத்தில் இருந்ததெல்லாம் பேஸ்பால் மட்டை. விற்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் அளவு நாடா கையில் இருக்கட்டும். சாஃப்ட்பால் மட்டை 34 அங்குலத்தைத் தாண்டாது, தலைப்பக்கமும் அவ்வளவு தடிமன் இருக்காது.

அங்கிருந்து வேக்கோ என்ற ஊருக்கு மூன்று மணி நேரம். பழம்பொருள் கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மட்டை, 250 டாலர் சீட்டோடு. எடுத்து மோந்து பார்த்தேன், ஷூ பாலிஷ் வாசம். புது மட்டையைத் தேய்த்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். பொறிப்பின் மேல் விரலை ஓட்டினேன், குழியே இல்லை, வெறும் அச்சு. கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “உங்க ஊர்ல இதெல்லாம் ஆடுவாங்களா?” என்றார். மட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று ராத்தங்கல் 39 டாலர் மோட்டலில். கதிருக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. சாப்பிட ரொட்டியும் ஊறுகாயும்.

ஞாயிறு காலை மேற்கே புறப்பட்டோம். சாலையின் இரண்டு பக்கமும் நீலப் பூக்கள் கம்பளம் விரித்த மாதிரி. ஜனங்கள் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. பதினொரு மணி வாக்கில் ராயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்ததுமே வார்னிஷ் வாசனை அடித்தது.

சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து, அதன்மேல் மட்டையை வைத்திருந்தார்கள். கடையில் புதிதாக வாங்கிய கட்டில் கால் மாதிரி மின்னியது. ராய் எண்பதைத் தொடும் வயது, ஒல்லி. டெபிக்கு ஐம்பது இருக்கும். ஹூஸ்டனில் இருக்கும் தன் வீட்டுக்கே அப்பாவைக் கூட்டிப்போகிறாள். அதற்காக வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா எப்படிப் பளபளன்னு ஆக்கிட்டார் பாத்தீங்களா?” என்றாள்.

நான் எடுத்துப் பார்த்தேன். நீளம் சரி. பொறிப்பு நிஜம், விரலில் குழி தட்டியது. தட்டினால் விரிசல் இல்லாத மரத்தின் கணீர் சத்தம். நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

“அது பந்து பட்டதில்ல, பாம்பு” என்றார் ராய். “சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடிதான் இதை வச்சிருப்பா லூசில். எனக்குப் பாம்புன்னா பயம்.”

என்ன பெறும் என்று டெபி கேட்டாள். போன வாரம் இருந்தபடியே இருந்திருந்தால் அறுநூறு டாலருக்கு நானே வாங்கியிருப்பேன், வார்னிஷ் அடித்த பிறகு சேகரிப்பவர்கள் யாரும் சீண்ட மாட்டார்கள், நாற்பது போனால் அதிகம் என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். காபி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

ராய் குரலைத் தாழ்த்தினார். “போன்ல கேட்டீங்களே, யாராவது வார்னிஷ் அடிச்சிருக்காங்களா, அடிச்சா மதிப்பே போயிடும்னு. அன்னிக்கு சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன்.”

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “விக்க மாட்டேன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே. இவருக்கு உடம்பு சரியில்ல. நாங்க கலிஃபோர்னியாலேர்ந்து வர்றோம்.”

“நான் சொன்னா அவ கேக்க மாட்டா. வெவரம் தெரிஞ்சவங்க சொன்னாக் கேப்பா.”

டெபி காபியோடு திரும்பி வந்தாள். “சரி, நாற்பதே கொடுங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, எடுத்துட்டுப் போங்க. எனக்கு வீடு காலியானாப் போதும்” என்றாள்.

ராய் இதை எதிர்பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மட்டை என் கையில்தான் இருந்தது. உள்ளங்கை லேசாக ஒட்டியது. வார்னிஷ் இன்னும் முழுக்கக் காயவில்லை. பெயிண்ட் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சூடு போட்ட பொறிப்புக்கு ஒன்றும் ஆகாது. அந்த அறையில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாற்பது டாலரை நீட்டினால் அந்த மட்டை எனக்கு. ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தல்கூட வேண்டியதில்லை, ஏமாற்றி வரவழைத்தது அவர்தானே.

“என் கலெக்‌ஷனுக்கு இது ஆகாதுங்க” என்று துண்டின் மேல் வைத்தேன்.

“அப்போ இனி யாரும் வாங்கப் போறதில்லயா?” என்றாள் டெபி.

“யாரும் வரமாட்டாங்க” என்று ராயைப் பார்த்துச் சொன்னேன்.

டெபி பெருமூச்சு விட்டாள். “சரிப்பா. உங்க பெட்டியோட அதுவும் வரட்டும்.”

ராய் கார்வரை வந்து ஒரு பை நிறைய, வால்நட் மாதிரி இருக்கும் பீக்கன் கொட்டைகளைக் கதிரிடம் கொடுத்தார். என்னிடம், “மன்னிச்சிரும்மா” என்றார். நான் காரில் ஏறிக்கொண்டேன். நல்லது செய்தோம் என்ற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை. எப்படா வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருந்தது.

நெடுஞ்சாலை ஏறிய பிறகு கதிர் கேட்டார். “கை ஒட்டுச்சுதானே? தொடைச்சா போயிருக்கும்ல?”

“போயிருக்கும்ங்க.”

“பின்ன ஏன் விட்டே?”

“அவரு மேஜையப் புடிச்சதப் பாத்தீங்களா?” என்றேன்.

கதிர் கொஞ்ச தூரம் போய், “ஆனா ஆளு பயங்கரமான ஆளுடி” என்று சிரித்தார். இருமலோடுதான் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. டாலஸ் போகும்வரை ஆளுக்கொரு கொட்டையாக உடைத்துத் தின்றுகொண்டே போனோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சந்தைக்கு வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள், சனிக்கிழமை நல்லது எதுவும் மிஞ்சாது. மழைக்கு முழங்கால் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பொறிப்பை விரலால் தடவிப் பாருங்கள், மரத்தை மோந்து பாருங்கள், படத்தை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். முக்கியமாக, விளம்பரம் போட்டவரிடம் மட்டும் பேசிவிட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். பொருள் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்கு விற்க மனசிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் பயணத்தை விட்டுவிடுங்கள்.

மைல் கணக்கு, மோட்டல் வாடகை எல்லாம் எழுதிவிட்டு ராயின் ஊரை மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அவர் இப்போது இருக்க வாய்ப்பில்லை. ஆனால் டெபியின் வீட்டில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் அந்த மட்டை இருக்கலாம். ஊர் தெரிந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடி யாராவது போய் நிற்பீர்கள். யாரும் வரமாட்டார்கள் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.