எருசலேமில் தொலைந்த நாத்தனார்

எங்கள் ஊர் புக்குரு சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிற கச்சொல்லம் என் கணவரின் அக்கா. ஐம்பத்தாறு வயது. அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. தெருவில் லாரி டயர் வெடித்தால் அளக்கிற கிண்ணத்தை எறிந்துவிட்டு ஓடுவாள். சபையில் கதவோரக் கடைசிப் பெஞ்சை விட்டு நகர மாட்டாள். படுக்கும்போதும் செருப்பைக் கழற்ற மாட்டாள். பிள்ளைகள் கேலி செய்தால், "சிரிங்கடி சிரிங்க. ஓட வேண்டி வந்தா முள்ளு உங்க காலைத்தான் தேடும்" என்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கலவரத்தில் எங்கள் ஊர் எரிந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் கூட்டம் கலைந்து ஓடியது. புகையில் யார் முகமும் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்த புருஷன் எந்தப் பக்கம் போனான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கண்முன்னே, சபை மாதர் சங்கத்துப் பெண்கள் சீருடையாகக் கட்டுகிற நீலத் துணி ஒன்று ஓடியது. அதன் பின்னாலேயே ஓடி ராணுவ முகாமுக்குள் போய் விழுந்தாள். அவன் வரவேயில்லை. அன்றிலிருந்து சங்கத்தில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்: "முகம் தெரியலையா, துணியைப் பாரு. நம்ம துணி போற பக்கம் போ."

சங்கத்துக்கு முப்பது வருஷம் உழைத்தாள் என்று சபை அவளைப் பரிசுத்த பூமி யாத்திரைக்குத் தேர்ந்தெடுத்தது. தனியாகப் போக மாட்டேன் என்று அழுதாள். தையல் கடையை அடைத்துவிட்டு நானும் கிளம்பினேன். ஆளுக்கொரு அரசாங்க ஊழியர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் கையெழுத்துப் போட்டவரின் வேலையும் பென்ஷனும் போச்சு. எனக்கு என் அண்ணன் போட்டான். அவளுக்குத் தம்பி டாவூ, அதாவது என் கணவர். அவர் தலைமை ஆசிரியர், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர்.

"அக்கா, அங்க எவனாவது கிழவனைக் கட்டிக்கிட்டு உக்காந்துடாதே. என் பென்ஷன் உன் கையில இருக்கு" என்றார்.

"போடா, ஒருத்தனைத் தொலைச்சது போதாதா எனக்கு" என்றாள் அவள்.

சிரித்தோம். ஆனாலும் முன்பு போன ஒரு குழுவில் ஒருவன் அங்கேயே நழுவிவிட்டான். அவனுக்குக் கையெழுத்துப் போட்ட நர்ஸம்மா இப்போது என் கடைக்கு எதிரே வேர்க்கடலை உருண்டை விற்கிறாள். அவள் முகத்தில் விழிக்காமல் நான் கடை திறந்ததில்லை.

எருசலேமில் மூன்றாம் நாள் காலை, தலைத்துணியைக் கட்டிக்கொண்டே கச்சொல்லம் சொன்னாள்: "சுந்துங், ரெண்டு நாளா செருப்பைக் கழட்டிட்டுத் தூங்கறேன்டி. இந்த ஊர்லயே இருந்துடலாம் போல இருக்கு."

"இருந்துடு, உன் தம்பி பென்ஷன் போகட்டும்" என்றேன் விளையாட்டாக. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது.

அன்றைக்கு, இயேசு சிலுவை சுமந்த தெருவில் நடந்தோம். சந்து முழுக்க ஜனம், பல தேசத்துக் குழுக்கள், பல பாஷைப் பாட்டுகள். எங்கள் குழுவை அழைத்து வந்த பாஸ்டர் மங்வாட் ஒவ்வொரு முனையிலும் எங்களை நிறுத்தி எண்ணுவார். அவரவர் தம் எண்ணைக் கத்த வேண்டும். நான் இருபத்திரண்டு, அவள் இருபத்துமூன்று. ஐந்தாவது முனையில் நான் "இருபத்திரெண்டு" என்று கத்தினேன். அதற்குப் பிறகு சத்தமில்லை.

"இருபத்திமூணு!" என்றார் பாஸ்டர். "சிஸ்டர் கச்சொல்லம்!"

"என் பின்னாலதான் வந்தா பாஸ்டர்" என்று திரும்பினேன். பின்னால் எங்கள் ஊர் மெக்கானிக் கியாங் நின்றுகொண்டிருந்தான்.

சந்து சந்தாகத் தேடினோம். கடைக்காரர்களிடம் எங்கள் நீலத் துணியைக் காட்டிக் கேட்டோம். ஒருவர் மேலே கையைக் காட்டினார், இன்னொருவர் கீழே காட்டினார். அவளிடம் போன் இல்லை. பாஸ்போர்ட் பாஸ்டரின் பையில் இருந்தது.

"பாஸ்போர்ட் இல்லாம எங்க போயிடுவா" என்றேன்.

"அன்னிக்கு ஓடினவனும் பாஸ்போர்ட்டை விட்டுட்டுத்தான் ஓடினான்" என்றான் கியாங். அவன் வாயில் மண்ணள்ளிப் போடலாம் போலிருந்தது எனக்கு.

நாலு மணிக்கு விடுதிக்குத் திரும்பினோம். பாஸ்டர் என்னை வரவேற்பறையில் உட்கார வைத்தார். "ஆறு மணிக்கு மேல நான் மறைக்க முடியாது சிஸ்டர். இங்க போலீஸுக்கும் சொல்லணும், நம்ம ஊருக்கும் சொல்லணும். ஒண்ணு மட்டும் செய்யலாம். ஓடுற எண்ணம் அவங்களுக்கு இருந்துச்சு, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லைன்னு நீங்க முந்தி எழுதிக் குடுத்துட்டா, ஒருவேளை டாவூ சார் தப்பிப்பார்."

டாவூவுக்குப் போன் போட்டேன். பாஸ்டர் சொன்னதை ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஏங்க, கேக்குதா? எழுதிக் குடுக்கட்டுமா?"

"எதையும் எழுதாதே" என்றார். "அக்கா பயந்து ஓடுவா. நம்மளை விட்டுட்டு ஓட மாட்டா. காத்திரு."

"உங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல சொல்லிடுவீங்க. நாளைக்குப் பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க வேர்க்கடலைக் கூடைதான் தெரிந்தது. கூடைக்குப் பின்னால் நர்ஸம்மா இல்லை, நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குப் பேப்பர் வாங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அவள் செருப்பைக் கழற்றியதை எழுதினேன். இங்கேயே இருந்துவிடலாம் என்று சொன்னதை எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊரிலிருந்து கிளம்பும்போதே இந்த எண்ணம் இருந்தது என்றும் எழுதினேன். அது சுத்தப் பொய். அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தரை மணிக்கு வாசலில் ஒரு பஸ் நின்றது. நீலத் துணி கட்டிய பெண்கள் இறங்கினார்கள். எங்கள் சங்கத்துத் துணிதான், ஆனால் ஒரு முகமும் தெரியவில்லை. எங்கள் நாட்டிலேயே கதுனா பக்கத்துச் சபைக்காரர்கள்; எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் ஒரே துணி. இரண்டு பேர் நடுவில் கைத்தாங்கலாக வந்தது கச்சொல்லம்.

"துணியைப் பார்த்தேன்டி" என்று என் மேல் சாய்ந்தாள். "கூட்டத்துல உன்னைக் காணோம். நம்ம துணி போச்சு, பின்னாலயே போனேன். பஸ்ஸுல ஏறிப் போய், அங்க நிறுத்தி எண்ணும்போதுதான் தெரிஞ்சுது. அவங்களுக்கு ஒரு ஆளு கூட இருக்கு!"

"பெத்லகேம் வாசல் வரைக்கும் போயிட்டோம்" என்றாள் கூட வந்தவள். "இந்தம்மா இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. என் தம்பி வேலை போயிடும், என் தம்பி வேலை போயிடும்னு ஒரே அலறல். சரி, ஆண்டவர் பிறந்த இடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்னு பஸ்ஸைத் திருப்பிட்டோம்."

பேப்பர் என் கையிலேயே இருந்தது. கச்சொல்லம் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"என்னடி அது?"

"ஜெபம்" என்றேன். அந்த நேரத்தில் வேறு எது வாயில் வரும்?

"எனக்காகவா?"

"ம்."

பிடுங்கிக்கொண்டாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். மாடியிலிருந்து பாஸ்டர் இறங்கி வந்தார், அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பழைய ஆலயத்து மதில். எல்லோரும் ஜெபச் சீட்டைக் கல்லிடுக்கில் செருகுகிற இடம். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். "அக்கா, அதைக் குடு, வேற நல்லா எழுதித் தரேன்."

"போடி, இதுக்கு மேல என்ன நல்லா எழுதப்போறே? நீ கேட்டே, கிடைச்சுது" என்றாள். பேப்பருக்கு முத்தம் கொடுத்து, விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினாள். பிறகு என் கையை இழுத்து அந்தக் கல்லின் மேல் வைத்து, "ஆமென் சொல்லு" என்றாள். சொன்னேன்.

ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிறே அவள் சபைக்கு முன்னால் சாட்சி சொன்னாள். கதவோரத்துப் பெஞ்சிலிருந்து எழுந்து, முதன்முறையாக மேடைவரை நடந்து போனாள். பஸ் கதையைச் சொன்னபோது சபை சிரித்தது. "என் தம்பி பெண்டாட்டி என்ன செஞ்சா தெரியுமா? நான் தொலைஞ்ச நேரத்துல அழுதுகிட்டு உக்காந்திருக்கலை. பேப்பர் வாங்கி, பக்கம் முழுக்க எழுதினா. அந்த எழுத்துதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்துச்சு" என்றாள்.

சபையே எழுந்து கைதட்டியது. என் பக்கத்தில் டாவூ மட்டும் உட்கார்ந்தே இருந்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. அந்தப் பேப்பரில் என்ன எழுதினேன் என்று அவர் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. சாப்பிடும்போது தொண்டையைச் செருமினால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. கடைசியில் தண்ணீர்தான் கேட்கிறார்.