நசியோனில் இல்லாத சொசியெத்தே

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கே போனதில்லை. எங்கள் வீட்டில் லிசே என்ற உயர்நிலைப் பள்ளி வரை வந்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன். எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத் தேடும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

2011 குளிர்காலம். வரலாற்று வகுப்பில் பேசுவதற்காக, பாரிசில் லா ஷப்பல் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் சமையலறை மேசையில் ஒரு பெரிய காகித மட்டையை விரித்து, பெரிய எழுத்தில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன்: சொசியெத்தே தே நசியோன். முதல் உலகப் போருக்குப் பிறகு, இனிப் போர் வராமல் தடுப்பதற்காக நாடுகள் சேர்ந்து ஜெனீவாவில் வைத்த சங்கம் அது. ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சொசியெத்தே என்றால் கம்பெனி. நசியோன் என்றால் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் போய் நிற்கும் கடைசி இடம்.

மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே ரெஸ்டோரண்டிலிருந்து வந்த அப்பா, மட்டையைப் பார்த்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நசியோனிலை ஆற்றை சொசியெத்தே? கிளீனிங்கோ? படிப்பை விட்டிட்டு வேலைக்கு எழுதுறியோ பிள்ளை?"

"கம்பெனி இல்லையப்பா. சண்டை வராமல் பாக்கிறதுக்கு நாடுகள் சேர்ந்து வைச்ச சங்கம்."

"பாத்தவையோ?"

"இல்லை. பிறகு பூட்டீட்டினம்."

"பத்திறோன் ஆர்?"

"முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை."

"பிறகெப்பிடி ஓடும்?" என்றவர், படிப்பு தப்பியது என்ற நிம்மதியில் சப்பாத்தைக் கழற்றினார்.

சுவரோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வன்னி அக்கா சிரிக்கவில்லை. அம்மாவுக்குத் தூரத்து உறவான அவர், இலங்கைப் போருக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்தவர்; மூன்று மாதமாக என் அறையில்தான் படுத்தார். கதவுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். போர்க்காலத்தைப் பற்றி ஏதாவது கேட்டால், "சோறு வடிச்சாச்சோ?" என்பார். அவருடைய அகதி விசாரணைக்கு இரண்டு கிழமை இருந்தது. அது சரிவராவிட்டால் அவர் திரும்பிப் போகவேண்டும். எதையோ மறைக்கிறார் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

அடுத்த நாள், அகதி அலுவலகத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த தன் கேஸின் நகலைக் கொண்டுவந்தார். எங்கள் பகுதியில் கேஸ் எழுதிக் கொடுக்கும் ஒருவர், தொலைபேசியில் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டுப் பிரெஞ்சில் எழுதியது.

"உதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசி, தங்கச்சி."

இரண்டு தம்பிமார், எரிந்த கடை, வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போன மூத்தவன். ஒருநாளும் அவர் தம்பிமாரைப் பற்றிப் பேசியதில்லை. மறைப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உங்கடை தம்பிமார் இப்ப எங்கை அக்கா?"

"எனக்கேது தம்பி?"

பெயரும் பிறந்த தேதியும் மட்டுமே அவருடையவை. மீதி யாரோ ஒருவரின் கதை. பொய் சொல்பவர் என்று நான் சந்தேகப்பட்டது, தன் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒருவரை.

"திருத்திக் கடிதம் அனுப்பலாம். உங்கடை கதையைச் சொல்லுங்கோ."

"விசாரிக்கிறவையும் வெள்ளைக்காரர்தானே" என்றார். அதோடு எழுந்து போய்விட்டார்.

நான் என் மட்டைக்குத் திரும்பினேன். மஞ்சூரியாவுக்குள் ஜப்பான் புகுந்தபோது ஜெனீவா ஒரு குழுவை அனுப்பியது. அறிக்கை வருவதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அறிக்கை பிடிக்காமல் ஜப்பான் எழுந்து போனது. எத்தியோப்பியாவை இத்தாலி தாக்கியபோது தடை போட்டார்கள், டாங்கிகளுக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் விட்டுவிட்டு. ஒரு சர்வாதிகாரியை யாரும் தடுக்கவில்லை என்பதை அடுத்த சர்வாதிகாரி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடப்புத்தகம் இதற்கு 'இயலாமை' என்று பெயர் வைத்திருந்தது. எண்ணெயை விட்டது இயலாமைதானா என்று மட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

அன்று மாலை அக்கா திரும்பி வந்தார்.

"அந்தச் சொசியெத்தேக்கு ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லையோ?"

எத்தியோப்பிய மன்னர் நேரே போனதைச் சொன்னேன். அவர் பேசத் தொடங்கியதும் மேலே இருந்த இத்தாலியப் பத்திரிகைக்காரர் விசிலடித்துக் குழப்பினார்கள்.

"பாதியிலை விட்டிட்டாரோ?"

"இல்லை. பேசி முடிச்சவர்."

"நாடு கிடைச்சதோ?"

"அப்ப இல்லை. அஞ்சு வருஷத்தாலை."

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கொடி கட்டின வாகனங்களில் வெளிநாட்டு உதவிக்காரர், சண்டை நெருங்கிய நேரத்தில் அக்காவின் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளைச் சொன்னார். சனம் போய் அவர்களுடைய அலுவலக வாசலில் குந்தியிருந்து போகவேண்டாம் என்று கெஞ்சியது. இவர் மகளையும் மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். உள்ளேயிருந்த ஒருவர் படம் எடுத்தார். பிறகு வாகனங்கள் போயின. அதன் பிறகு நடந்ததையும் சொன்னார். அவருக்கு ஒரு மகள் இருந்ததும், அவள் ஏன் அவரோடு பாரிசுக்கு வரவில்லை என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இஞ்சையும் அவையின்ரை ஆக்கள்தானே இருப்பினம். குற்றம் சொல்லுறன் எண்டு கோவிச்சா?"

புதுத் தாள் எடுத்து, அவர் சொன்னதைத் திருத்தக் கடிதமாக எழுதத் தொடங்கினேன்.

விசாரணை நாளில் கதவு வரைதான் என்னை விட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார்.

"வாசலிலை எத்தினை பேர் இருந்தனீங்கள் எண்டு கேட்டவை. நான் சொன்னதை எழுதினவை."

"நம்பினவையோ?"

"எழுதினவை எண்டுதான் சொன்னன்."

ஐந்து மாதத்தில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள் என்று வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோட்டைப் போட்டார்.

"எங்கை அக்கா?"

"பார்மசியிலை நிக்கிற தமிழ்ப் பிள்ளையிட்டை. அவளும் ஒருக்கா வாசிக்கட்டும்."

எனக்குக் கோபம் வரவில்லை. என் கோட்டையும் எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.