கண்ணாடியில் தொங்கிய டிவிடி

சூரகானின் பெட்டியில் உருப்படியான டிவிடி ஒன்றுகூடக் கிடையாது. மொத்தம் பதினேழு, பதினேழும் பழுது. ஒன்றில் சாவியால் இழுத்த கீறல். இன்னொன்றில் எண்ணெய் ரேகை. சம்சா தின்ற கையோடு அவளே அழுத்தி வைத்தது. ஏழாவது வெயிலில் வெந்து வெளிறியது. பதினொன்றாவதை அவளே மசியால் ஆப்பு வடிவில் கறுப்படித்து வைத்திருந்தாள். கடைக்குப் புதிதாக வரும் டிவிடி ரைட்டர் எதுவானாலும் முதலில் இந்தப் பதினேழையும் படித்துக் காட்டியாக வேண்டும். நல்ல டிவிடியை எந்த டிரைவும் படித்துவிடும், அதில் என்ன பெருமை என்பது அவள் கட்சி.

பிஷ்கெக்கில் அந்தக் கணினிச் சந்தையின் இரண்டாம் மாடியில், படியேறியதும் இடது கைப்பக்கம் இஷெனின் கடை. கடைக்குச் சொந்தக்காரன் அவன்தான், ஆனால் எதை விற்கலாம் எதை விற்கக்கூடாது என்று சொல்வது சூரகான். டிவிடியின் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகப் போகப் படிக்கும் வேகம் கூடும். திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போகும். கோடு எங்கே இடறுகிறதோ அங்கே டிரைவ் திணறுகிறது. எந்த டிரைவ், எத்தனையாவது டிவிடியில், எந்த இடத்தில் இடறியது என்று ஒன்று விடாமல் தடித்த நோட்டில் எழுதுவாள். படத்தில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கோட்டை மட்டும்தான் பார்ப்பாள்.

"எஜே, மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்காதீங்க. நான் வித்தாகணும்" என்பான் இஷென். எஜே என்றால் அக்கா.

"மாப்பிள்ளயா இருந்தா வாசலோட அனுப்பியிருப்பேன். இதுக்காச்சும் உள்ள எடம் குடுத்திருக்கேன்ல."

ஐம்பத்து மூன்று வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. சந்தையில் அதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவள் தன்னைத் தானே கேலி செய்து முடித்திருப்பாள். அளவுக்கருவி செய்யும் ஆலை ஒன்றில் பத்தொன்பது வருடம் தரம் பார்த்தவள். ஆறாம் எண் முத்திரை அவள் கையில் இருந்தது. மாதக் கடைசியில் மேலதிகாரி வந்து கத்தினாலும், முள் ஒரு மயிரிழை தப்பினால் முத்திரை விழாது. ஆலை மூடிய பிறகு நாலு வருடம் சந்தையில் காலுறை விற்றாள். வாங்க வந்தவர்களிடம் காலுறையை இழுத்துப் பிடித்து, ஓட்டை இருந்தால் அவளே காட்டினாள். வியாபாரம் எப்படி விளங்கும்? ஆலையில் கூட வேலை பார்த்தவளின் மகன் இந்த இஷென். பாவம் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டான். இப்போது அவள் பார்த்த டிரைவ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள்.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜோல்தோஷ் என்ற டிரைவர் வந்தான். நாரின் – பிஷ்கெக் சாலையில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். தோள் அகலமாக, கழுத்து வெயிலில் கறுத்து, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கைக்குட்டையில் சுற்றிய ஒரு டிவிடியை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஒரு காப்பி போடணும் எஜே. ஒண்ணே ஒண்ணு."

சூரகான் திருப்பிப் பார்த்தாள். ஊதாவாக இருக்க வேண்டிய பக்கம் கழுவிக் கழுவிச் சாயம் போன துணியாக இருந்தது. நடுத்துளையில் நூல் முடிச்சு, அதில் கண்ணேறு கழிக்க ஒரு நீலமணி.

"இத எங்க தொங்க விட்டிருந்த தம்பி?"

"வண்டில."

"முன் கண்ணாடிலயா?"

"போலீஸ் ரேடார் குழம்பிப்போகும்னு எல்லாரும் மாட்டுறாங்க எஜே."

"குழம்புச்சா?"

"இந்தக் கோடைல மட்டும் நாலு தடவ புடிச்சுட்டான்."

இஷென் சிரித்துவிட்டான். ஜோல்தோஷ் சிரிக்கவில்லை. அங்கே கிடந்த டிரைவ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

போன வருடம் மகள் பெர்மெத்துக்குக் கல்யாணம். மகளை வழியனுப்பும்போது அவன் மனைவி சைகல், வழக்கப்படி மகளின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிரிவுப் பாட்டுப் பாடினாள். ஊரே அழுதது. இந்த வசந்தத்தில் சைகலுக்குக் கழுத்துக் கழலையை அறுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குரல் போய்விட்டது. வெறும் காற்றுதான் வருகிறது. வீடியோக்காரன் அடுத்த கல்யாணத்துக்காக டேப்பை அழித்துவிட்டான். இந்த ஒரு டிவிடிதான் மிச்சம். சைகல் அதை மேலே பெயர் எழுதாமல், பழைய பாட்டு டிவிடிகளோடு உறையில் போட்டு வைத்திருந்தாள். ஜூலையில் ரேடாருக்கு மாட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்று கைக்கு வந்ததை உருவிக்கொண்டு போனவன் அவன்.

"மக ரஷ்யாவுல கசான்லேந்து கேட்டு அனுப்பியிருக்கா. அம்மா குரலக் கேக்கணும்ங்குறா. டிவிடியக் காணமேன்னு சைகல் வீட்டப் பொரட்டிட்டா. காப்பி போட நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு பொய் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம இங்க ஆஸ்பத்திரிக்கு வர்றா, வந்ததும் பாக்கணுமாம்." தொப்பியின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "அவ குரல் வேற எங்கயும் இல்ல எஜே. இதுல மட்டுந்தான் இருக்கு."

சூரகான் கத்தரியால் நூலை வெட்டினாள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தாள்.

கடையிலேயே புதியதும் வேகமானதுமான டிரைவ் அதை இரண்டு தரம் சுழற்றிவிட்டு வெளியே தள்ளியது. அடுத்தது படிக்கத் தொடங்கி, மூன்றில் ஒரு பங்கில் கோடு தடாலென்று கீழே விழுந்தது. ஜோல்தோஷ் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காரு தம்பி. இது பந்தயம் இல்ல."

நோட்டை எடுத்துப் புரட்டினாள். வெயிலில் வெந்த ஏழாவது டிவிடியை எந்த டிரைவ் கடைசிவரை படித்தது என்று தேடினாள். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. மஞ்சளேறிப்போன பழைய டிரைவ். கறி அரைக்கிற மிஷின் மாதிரி சத்தம் போடும். வேகம் இல்லை என்று இஷென் அதைக் கழித்துக் கட்டியிருந்தான். கழிவுப் பெட்டியிலிருந்து அதை எடுத்துத் துடைத்து மாட்டி, வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். அது வேகமாகப் படிக்காது, ஆனால் முடியாது என்று சொல்ல அவசரப்படாது. ஒரே இடத்தைப் பத்து முறை, இருபது முறை முயன்று பார்க்கும். அதுவும் கைவிட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு வேறொரு டிரைவில் போட்டாள். ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்தது.

அந்த இலையுதிர் காலத்தில் நகரத்தில் மின்வெட்டு வேறு. அந்த வட்டாரத்துக்குப் பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. இரண்டு மணியானால் டிரைவ் முனகிக்கொண்டே நின்றுவிடும். மூவரும் அரையிருட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஜோல்தோஷ் ஒரு பை நிறைய உப்புத் தயிர் உருண்டை கொண்டுவந்திருந்தான். வந்த பயணிகளை எல்லாம் வேறு கார்களுக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாளும் அந்தப் பெட்டியை விட்டு அசையவில்லை. சூரகான் ஆலையில் தரம் பார்த்த எந்தக் கருவிக்காகவும் இப்படி ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்ததில்லை.

வியாழன் மதியம், மின்சாரம் போக அரை மணி இருக்கும்போது, பாட்டு இருந்த பகுதி முழுவதும் ஓட்டை இல்லாமல் கைக்கு வந்துவிட்டது. ஓடவிட்டாள்.

கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். 'நீ மூட்டும் அடுப்பின் புகை உன் கண்ணைத் தொடாதிருக்கட்டும், மகளே. நீ கடக்கும் ஆறு உன் முழங்காலுக்கு மேல் வராதிருக்கட்டும்.' எதிர்க்கடைக்காரன் தன் பாட்டுப் பெட்டியை நிறுத்தினான். செல்போன் கவர் விற்கிற பெண் வந்து வாசலில் நின்றாள். ஜோல்தோஷ் தரையைப் பார்த்தபடியே கேட்டான். பாட்டு முடிந்ததும் எழுந்து சூரகானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"போதும் எஜே. இதோட எடுத்துடுங்க."

"இன்னும் விளிம்பு இருக்கு தம்பி. நூத்துக்கு எண்பத்து மூணுதான் ஆயிருக்கு."

"அதுல ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு வந்த சனங்க பஸ் ஏறுறாங்க. அவ்ளோதான்."

"எண்பத்து மூணோட விட்டேன்னு நான் நோட்டுல எழுத மாட்டேன்."

"டிவிடி என்னுது எஜே."

"டிரைவ் என்னுது."

அவன் முகம் சிவந்தது. கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நின்று புகை பிடித்தான். "அவருதான் வேணாம்னுட்டாரே, விடுங்களேன்" என்றான் இஷென். சூரகான் விடவில்லை. தன் பிடிவாதம் அவளுக்கே சில நேரம் சலிப்பாக இருக்கும். இந்தப் பிடிவாதத்தால்தான் தனியாக இருக்கிறோம் என்றுகூட நினைத்திருக்கிறாள். ஆனாலும் மின்சாரம் ஐந்து மணிக்குத் திரும்பியதும் விளிம்பைத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் மீண்டும் தொடர்ந்தாள். வெயில் அதிகம் தின்றிருந்தது அந்தப் பகுதியைத்தான். மூன்று டிரைவ்களை மாற்றி மாற்றிப் போட்டு, பதினொரு மணிக்குக் கொஞ்சம் ஓட்டைகளோடு அதையும் எடுத்துவிட்டாள். வழக்கம்போலப் படத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சைகல் வந்தாள். சின்ன உருவம், கழுத்தை மறைத்து நீலக் கைக்குட்டை கட்டியிருந்தாள். படியேறிய மூச்சு அடங்கட்டும் என்று ஜோல்தோஷ் அவளைத் தான் உட்கார்ந்திருந்த டிரைவ் பெட்டியிலேயே உட்கார வைத்தான். சூரகானைப் பார்த்து அவள் தலையசைத்து, "நல்லா இருக்கீங்களா எஜே" என்றாள். தாளைத் தாளால் தேய்த்த சத்தம்தான் வந்தது.

பாட்டை ஓடவிட்டார்கள். சைகல் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி பாடுவதைக் கேட்பவள் போலக் கேட்டாள். ஜோல்தோஷ் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் பாடியிருக்கேன். பெர்மெத்து சந்தோசப்படுவா" என்றாள். பிறகு, "அதுக்கு அப்புறம்?" என்று கேட்டாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல" என்றான் ஜோல்தோஷ் அவசரமாக. "அது அழிஞ்சுபோச்சு."

சைகலின் முகம் வாடிவிட்டது. பாட்டு முழுவதற்கும் அசையாதவள் இப்போது உதட்டைக் கடித்தாள். சூரகான் அதைப் பார்த்தாள்.

"அழியல" என்றாள். "ஓட்ட ஒடசலா இருக்கு. ஆனா இருக்கு."

ஜோல்தோஷ் கண்ணாலேயே கெஞ்சினான். சூரகான் பொத்தானை அழுத்திவிட்டாள்.

பெட்டிகளோடும் மூட்டைகளோடும் சனங்கள் பஸ் ஏறினார்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. வீடியோக்காரன் கேமராவை நிறுத்த மறந்து பஸ்ஸைச் சுற்றி நடந்திருக்கிறான். பஸ்ஸுக்குப் பின்னால், புகைக்குழாய்க்குப் பக்கத்தில், ஜோல்தோஷ் தனியாக நின்றிருந்தான். வெள்ளைத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அகலமான தோள்கள் குலுங்கின. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தண்ணீர்க் கேனைச் சாய்த்து முகம் கழுவி, தொப்பியைத் தலையில் வைத்து, ஒன்றுமே நடக்காதவன் போலத் தோளை விறைத்துக்கொண்டு நடந்து போனான். ஒரு நிமிடம்கூட இராது.

வாய்த்துடுக்கு இஷென்கூட எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான்.

"இத யாரும் பாத்ததில்லன்னு நெனச்சேன்" என்றான் ஜோல்தோஷ்.

"நான் பாத்திருக்கேன்" என்றாள் சைகல். குரல் எட்டாததால் அவன் குனிய வேண்டியிருந்தது. "நீங்க ரோட்டுல இருக்குறப்ப, கணவாய்ல பனி கொட்டுதுன்னு சொல்லுவாங்கள்ல, அப்பெல்லாம் இததான் போட்டுப் பாப்பேன். பாட்டப் போட மாட்டேன்."

"உன் குரலுக்காக நான் மூணு நாளா இங்கயே உக்காந்திருக்கேன் சைகல்."

"என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ல. நீங்க அழுவீங்கன்னுதான் தெரியாது."

அவன் எல்லாவற்றையும் அங்கேயே ஒப்புக்கொண்டான்: ரேடார், நூல், நீலமணி, நாலு தடவை பிடிபட்டது, பொய் சொன்னது. சைகல் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எஜே, மகளுக்குப் பாட்டு முழுசாப் போட்டுக் குடுங்க" என்றாள் சூரகானிடம். "எனக்கு அந்தப் பஸ்ஸு மட்டும் போதும்."

நோட்டில் விளிம்புவரை எடுத்தாயிற்று என்று எழுதப் போன சூரகான், எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தாள். இவ்வளவு காலம் கோட்டைப் பார்த்த கண்ணால் ஒரு தடவையாவது படத்தைப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜோல்தோஷ் தொப்பியைக் கழற்றினான். முகத்தை மூடிக்கொண்டான். அகலமான தோள்கள் குலுங்கின. இந்தத் தடவை மறைந்து நிற்க அங்கே பஸ் எதுவும் இல்லை, இரண்டாம் மாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் அந்தப் பஸ் காட்சி திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. சைகல் அதைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.