பிரேமன் சந்தையில் ஒரு தபாலட்டை

பிரேமன் ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறேன். பீலெஃபெல்ட் ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. வெளியே பழைய சாமான் சந்தை. கோப்பை, கரண்டி, செத்துப்போன யாருடையவோ கோட்டு.

ஒரு கடை முன்னால் நமீபியாப் பெண் ஒருவர் நிற்கிறார். மாட்டுக்கொம்பு மாதிரித் தலைக்கட்டு. கையில் பழைய தபாலட்டை. ஜெர்மன் பட்டாளம் அவர்களுடைய நாட்டில் சண்டை பிடித்த காலத்துப் படம். முகாமில் அடைத்த பெண்களை வண்டி இழுக்க விட்டிருக்கிறார்கள்.

"என்ர பூட்டியும் இந்த முகாமிலதான் கிடந்தவ," என்கிறார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிடத் திறம். "இவையள இந்த மேசையில விட்டிட்டுப் போக ஏலாது."

கடைக்காரர் மறுத்துத் தலையாட்டுகிறார். "தனியத் தரமாட்டன். பெட்டியோடதான்."

பெட்டி நிறையத் தபாலட்டைகள்: கப்பல், குதிரை, மீசை வைத்த மன்னர். அந்தப் பெண்ணிடம் அவ்வளவு காசில்லை.

"பாதி நான் எடுக்கிறன் அக்கா," என்கிறேன்.

"அப்ப மன்னர் உங்களுக்கு."

"குதிரையத் தாங்கோ. மன்னரை வைச்சு நான் என்ன செய்யிறது?"

சிரிக்கிறார். ஆனால் அந்த அட்டையை உடனே பைக்குள் வைக்கவில்லை.

"பக்கத்தில நிக்கிறது ஆரெண்டு செத்த ஆக்களுக்கு முதல்ல சொல்லவேணும். அது எங்கட முறை. உங்கட பேர் என்ன?"

பெயரையும் ஊர் சிலோன் என்பதையும் சொல்கிறேன். படத்தைப் பார்த்துத் தன் மொழியில் கதைக்கிறார். என் பெயரும் சிலோனும் மட்டும் எனக்கு விளங்குகின்றன. பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

"நீங்களும் முகாமில இருந்தனீங்களோ எண்டு கேக்கினம்."

"ஓம். மன்னாரில, அகதி முகாமில எண்டு சொல்லுங்கோ."

சொல்கிறார். அதன்பிறகுதான் அவர்களைப் பைக்குள் வைக்கிறார்.